ஓடும் பெட்டியில் கைவைக்கலாமா?

பெரிய வலையமைப்புச் சுவிட்ச் விற்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் தரும் வாக்குறுதி ஒன்று உண்டு: பெட்டியை நிறுத்தவே வேண்டாம், பழுதான கார்டை இழுத்தெடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம், மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது. இதை நம்பித்தான் நிறுவனங்கள் சாதாரணச் சுவிட்சுகளை விட்டுவிட்டுக் கூடுதல் விலைக்குச் சேசிஸ் வாங்குகின்றன. வாங்கிய பிறகு அந்த வாக்குறுதியைச் சோதித்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. கார்டு பழுதாகும் நாளே சோதனை நாளாகவும் அமைந்துவிடுகிறது.

சேசிஸ் என்பது தட்டுகள் கொண்ட ஓர் உலோகக் கூடு. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 9400 வரிசை 4, 7, 10 தட்டுகளில் கிடைக்கிறது. 1999இல் சந்தைக்கு வந்து உலகெங்கும் அலுவலகங்களின் நிலவறைகளை நிரப்பிய 6500 வரிசையில் 13 தட்டுப் பெட்டிகூட இருந்தது. ஒவ்வொரு தட்டிலும் ஒரு கார்டு. கார்டின் முகப்பில் பெரும்பாலும் 48 கேபிள் துளைகள். எல்லாக் கார்டுகளும் பின்னால் உள்ள ஒரே பலகையில் செருகி நிற்கும். அதுதான் பேக்பிளேன். ஒன்றிரண்டு தட்டுகளில் சூப்பர்வைசர் எனப்படும் மூளைக் கார்டு. கூடவே மின்வழங்கிகளும் ஒரு விசிறித் தட்டும்.

ரொறன்ரோ ஃபிரண்ட் வீதி 151ஆம் இலக்கக் கட்டடம் போன்ற இணையச் சந்திப்பு மையங்களில், கார்டு மாற்றத் தெரிந்தவர்கள் எந்நேரமும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள விட்பியின் கதை வேறு. ரோஸ்லண்ட் வீதியில் டர்ஹம் பிராந்தியத்தின் தலைமையகம், ஏரிக்கரையில் ஒன்ராறியோ ஷோர்ஸ் மனநல மருத்துவமனை, 401 நெடுஞ்சாலையை ஒட்டிய கிடங்குகள், பள்ளிகள், மருத்துவ நிலையங்கள் என்று ஊர் விரிந்து கிடக்கிறது. இங்கே எந்தக் கட்டடத்தில் எந்தப் பெட்டி ஓடுகிறது என்பது என் கேள்வி அல்ல. இத்தகைய இடங்களில் வழக்கமாக ஒருவரோ இருவரோ பல கட்டடங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். மாற்றுக் கார்டு 401 வழியாகத்தான் வந்து சேர வேண்டும். வாக்குறுதி நிற்கிறதா விழுகிறதா என்று பார்க்க இதுவே சரியான ஊர்.

முதலில் அதைப் பிரித்தாக வேண்டும், ஏனென்றால் அது ஒரே வாக்குறுதி இல்லை. ஓடும் பெட்டியில் கார்டைச் செருகினால் மின்சாரத்தால் எதுவும் கெடாது என்பது ஒன்று. பெட்டியின் மென்பொருள் தடுமாறாது என்பது இன்னொன்று. செய்கிறவரின் கை தவறாது என்பது விளம்பரத்தில் எழுதப்படாமல் உள்ளே ஒளிந்திருக்கும் மூன்றாவது. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி, முதலாவதன் நம்பகத்தன்மையை மற்ற இரண்டுக்கும் கடன் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த முதலாவதைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. கார்டின் பின்முனையில் உள்ள ஊசிகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. செருகும்போது நிலக்கம்பிக்குரிய நீண்ட ஊசிகள் முதலில் தொடும், அடுத்து மின்சாரம், கடைசியாகத் தரவுக்குரிய குட்டை ஊசிகள். கழற்றும்போது இதே வரிசை தலைகீழாகும். வெறுமையாக இருக்கும் கார்டு சட்டென்று மின்சாரத்தை உறிஞ்சி அண்டைக் கார்டுகளின் மின்னழுத்தத்தைச் சரித்துவிடாதபடி, மின்னோட்டத்தை மெல்ல ஏற்றிவிடும் சுற்று ஒன்றும் உள்ளே இருக்கிறது. இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகளாகத் தேறி வந்தது. இங்கே தீர்ப்பு விற்பவர் பக்கம்.

இந்த உத்தி தொலைபேசி உலகத்துக்கு மிகப் பழையது. ஒன்ராறியோவுக்கு அதில் சொந்தப் பங்கும் உண்டு. நோர்தேர்ன் டெலிகொம், பின்னாளில் நோர்டெல், 1970களின் இறுதியில் கொண்டுவந்த டிஎம்எஸ் வரிசை எண்மத் தொலைபேசி நிலையங்கள் இரவு பகலாக ஓடியபடியேதான் பழுது பார்க்கப்பட்டன. ஆனால் அங்கே கார்டைத் தொடுவதற்கு முன் ஒரு சடங்கு இருந்தது. தொழில்நுட்பவியலாளர் முனையத்தில் அமர்ந்து, அந்தக் கார்டு ‘பிசி’ என்று பெட்டிக்கு அறிவிப்பார். பெட்டி அழைப்புகளை வேறு வழிக்கு மாற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் கை உள்ளே போகும். புதிய கார்டைச் செருகியதும் சோதனை ஓட்டி, அது தேறினால்தான் மீண்டும் சேவைக்கு எடுப்பார்கள். கணினி வலையமைப்புக்காரர்கள் தொலைபேசிக்காரர்களிடமிருந்து ஊசிகளின் நீளத்தை வாங்கிக்கொண்டார்கள், சடங்கை அங்கேயே விட்டுவிட்டார்கள் என்பது என் குற்றச்சாட்டு. ‘எப்போது வேண்டுமானாலும் இழுக்கலாம்’ என்ற விற்பனைப் பேச்சுதான் அந்தச் சடங்கைக் கொன்றது. வழி இன்றும் இருக்கிறது: சிஸ்கோவில் ‘நோ பவர் இனேபிள் மாட்யூல்’ என்ற கட்டளை, ஜூனிப்பரில் தட்டை ‘ஆஃப்லைன்’ ஆக்கும் கட்டளை. ஒரு நிமிட வேலை. ‘ஹாட் ஸ்வாப்தானே, ஓடும்போதே மாற்றலாம்’ என்று அதையும் தாண்டிப் போகிறவர்கள் அநேகர்.

மென்பொருள் பற்றிய இரண்டாவது வாக்குறுதியில்தான் சிக்கல் தொடங்குகிறது. 6500 பெட்டியின் பழைய வடிவத்தில் கார்டுகள் எல்லாம் ஒரே பொதுப் பாதையில் தரவைக் கடத்தின. ஒரு கார்டு உள்ளே வரும்போதோ வெளியேறும்போதோ அந்தப் பாதை முழுவதும் ஒரு கணம் உறைந்து நிற்கும். மின்குறிகள் குழம்பாமல் இருக்க வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. வழக்கமாக யாரும் உணராத கணம்தான். ஆனால் கார்டைப் பாதி செருகிவிட்டுத் திருகாணியைத் தேடுகிறவருக்கு அந்தக் கணம் நீளும். அது நீண்டால் நல்ல கார்டுகளும் சேர்ந்து தடுமாறும். ஆகவேதான் தயங்காமல் ஒரே சீராகத் தள்ளி நெம்புகோல்களை மூடச் சொல்கிறார்கள். ‘மெதுவாக, கவனமாக’ என்று பழகிய கைக்கு இது நேர் எதிரான புத்திமதி. பின்வந்த வடிவங்களில் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. என்றாலும் ‘தெரியவே தெரியாது’ என்ற பேச்சு, குறை இருந்த காலத்திலும் இதே தொனியில்தான் ஒலித்தது.

சூப்பர்வைசரை மாற்றும்போது ஆபத்து இன்னும் நுட்பமானது. இரண்டு மூளைக் கார்டுகள் இருந்தால், ஒன்று போனதும் மற்றது சில விநாடிகளுக்குள் பொறுப்பேற்கும்; இணைப்புகளின் நிலவரம் முழுவதும் அதன் நினைவில் ஏற்கெனவே படியெடுத்து இருக்கும். இரண்டிலும் ஒரே மென்பொருள் பதிப்பு ஓடினால்தான் இது நடக்கும். மாற்றாக வந்த கார்டில் பழைய பதிப்பு இருந்தால், பெட்டி சத்தமில்லாமல் ஒரு படி கீழிறங்கி நிற்கும். விளக்குகள் எரியும், இரண்டாவது மூளை இருப்பதாகவே காட்டும். முதலாவது போகும் நாளில் எல்லாக் கார்டுகளும் அணைந்து எழும். விநாடிகள் என்று நினைத்தது நிமிடங்களாகும். மாற்றிய கையோடு இரண்டும் எந்த நிலையில் கைகோத்திருக்கின்றன என்று ஒரு கட்டளை போட்டுப் பார்க்காதவர் வேலையை முடிக்கவில்லை.

மின்சாரக் கணக்கும் இங்கே சேரும். தொலைபேசிகளுக்கும் வைஃபை கருவிகளுக்கும் கேபிள் வழியே மின்சாரம் ஊட்டும் 48 துளைக் கார்டு ஒன்று, துளைக்கு 30 வாட் வீதம் கொடுத்தால் 1,440 வாட் கேட்கும். பழையதைக் கழற்றிப் பசி அதிகமான புதிய ரகத்தைச் செருகினால், மின்வழங்கியின் கணக்கில் இடமில்லை என்று பெட்டி அந்தக் கார்டை இயக்கவே மறுக்கலாம். கார்டு பழுது என்று நினைத்து அதைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

இனி நினைவகச் சில்லு விவகாரம். இந்தத் திறனாய்வில் என் தராசை அதிகம் அசைத்தது இதுதான். 2014இல் சிஸ்கோ ஓர் அறிவிப்பு வெளியிட்டது: 2005க்கும் 2010க்கும் இடையில் ஒரு வழங்குநர் தயாரித்த நினைவகச் சில்லுகள் உள்ள கருவிகள், ஓடிக்கொண்டிருக்கும்வரை நன்றாக இருக்கும், மின்சாரம் போய்த் திரும்பினால் எழாமல் போகலாம். அதற்காக நிறுவனம் 655 மில்லியன் அமெரிக்க டாலரைச் செலவுக் கணக்கில் எழுத நேர்ந்தது. ஒரு கார்டைக் கழற்றி மாட்டுவது என்பது அதன் மின்சாரத்தைத் துண்டித்துத் தருவதுதானே? ‘ஏதோ மாதிரி இருக்கிறது, ஒருக்கால் கழற்றி மாட்டிப் பாருங்கோ’ என்பது எம் துறையின் கைமருந்து. தொலைபேசியில் உதவி செய்கிறவர்கள் சொல்லும் முதல் யோசனையும் அதுவே. அத்தகைய சில்லு உள்ள கார்டில், சிறு தொல்லையோடு 48 பேருக்குச் சேவை செய்துகொண்டிருந்த ஒன்றை அந்தக் கைமருந்து முழுப் பிணமாக்கிவிடும். 2017இல் இன்னொன்று: பதினெட்டு மாத ஓட்டத்துக்குப் பிறகு செயலிழக்கக்கூடிய கடிகாரச் சில்லு. அந்தப் பட்டியலில் நெக்ஸஸ் 9000 வரிசைச் சேசிஸ்களின் சில கார்டுகளும் இருந்தன. ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் ஓடத் தொடங்கிய இரட்டைகள் ஒரே வயதில் நோயுறும். இரண்டு இருக்கிறது என்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காப்பு என்று கொள்ள முடியாது.

கைக்கு வருவோம். விட்பியில் தை மாதத்துக் குளிர் சென்னையில் இல்லாத ஓர் எதிரியைக் கொண்டுவருகிறது. வெளியே உறைநிலைக்குக் கீழே, உள்ளே ஹீட்டர். காற்று வறண்டு, கதவுப்பிடியைத் தொட்டாலே சுரீர் என்கிறது. அந்தச் சுரீரை மனிதன் உணர ஏறத்தாழ 3,000 வோல்ட் நிலைமின்சாரம் தேவை. சில்லுகளைக் காயப்படுத்த அதில் பத்திலொரு பங்குகூட வேண்டியதில்லை. நாம் எதையும் உணராத வேளையிலேயே கார்டு காயப்பட்டிருக்கும். அன்றைக்கு வேலை செய்து, சில மாதம் கழித்துக் காரணம் தெரியாமல் விழும். மணிக்கட்டுப் பட்டையைக் கட்டி, அதன் முனையைச் சேசிஸின் உலோகத்தில் மாட்டுவது மழைநாட்டில் சம்பிரதாயமாக இருக்கலாம், ஒன்ராறியோவின் குளிர்காலத்தில் அப்படி இல்லை. இன்னொன்று: இரவெல்லாம் வண்டியில் கிடந்து விறைத்த கார்டைச் சூடான அறையில் பையைப் பிரித்தால், அதன்மேல் ஈரம் படியும். பையைத் திறக்காமல் அறையின் வெப்பத்துக்கு வரவிட வேண்டும். நான்கு மணிநேரத்தில் மாற்றுப் பொருள் என்று ஒப்பந்தம் செய்தவர்கள் இந்தக் காத்திருப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த நான்கு மணிநேரமும் நீங்கள் தொலைபேசி எடுத்த நேரத்திலிருந்து ஓடுவதில்லை; கார்டு பழுதுதான் என்று விற்றவர் ஒப்புக்கொண்ட பிறகே ஓடத் தொடங்குகிறது.

கேபிள்களைப் பற்றி ஒரு பந்தி எழுதாமல் இருக்க முடியவில்லை. மூன்றாம் தட்டைக் கழற்ற வேண்டும். நான்காம் தட்டின் கேபிள்கள் அதன் குறுக்கே தொங்குகின்றன. விசிறித் தட்டை இழுக்க வேண்டும். அதன் முன்னால் ஒரு கற்றை. ஒதுக்கும்போது நல்ல இணைப்பு ஒன்று கழன்றுவிடும், பூட்டுநாக்கு உடைந்த கேபிள் என்றால் சொல்லவே வேண்டாம். பெட்டி வாக்கைக் காப்பாற்றினாலும் அறை காப்பாற்றாது. வடிவமைத்தவர் ஊசி ஊசியாகச் சிந்தித்ததை, கேபிள் இழுத்தவர் ஒரு பிற்பகலில் செல்லாக்காசாக்கிவிடலாம்.

இவை எல்லாவற்றிலும் பெரிய விபத்து ஊசி வளைவது. கார்டு தண்டவாளத்தில் சரியாக ஏறாமல் சற்றே சாய்ந்து நுழைந்து, ‘இறுக்கமாக இருக்கிறதே’ என்று பலம் கொடுத்தால், பேக்பிளேனில் ஓர் ஊசி மடங்கும். அந்தப் பலகை ஏறத்தாழ வெறும் செப்புத் தடங்கள்தான், தானாகப் பழுதாவது மிக அரிது. அதனால்தான் அதற்கு இரட்டை வைப்பதில்லை. மனிதக் கை கெடுத்தால் கூட்டையே மாற்ற வேண்டும்: அத்தனை கார்டுகளையும் கழற்றி, அத்தனை கேபிள்களையும் பிடுங்கி. மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று வைத்த பெட்டி, மாற்றில்லாத ஒரே பாகத்தை ஒவ்வொரு கார்டு மாற்றத்தின்போதும் நம் கைபலத்துக்கு முன்னால் நீட்டுகிறது. இந்த முரண்பாட்டை உற்பத்தியாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள். 2013இல் வந்த நெக்ஸஸ் 9500 அந்தப் பலகையையே விட்டுவிட்டுக் கார்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக நேரே கோத்துக்கொண்டது.

கார்டோடு சம்பந்தப்படாத, ஆனால் கார்டு மாற்றுகிறவர்கள் மனப்பாடமாகப் படிக்க வேண்டிய கனடிய நிகழ்வு ஒன்று இருக்கிறது. 2022 யூலை 8 அதிகாலை ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பு விழுந்தது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், ஏறத்தாழ 26 மணிநேரம். இன்டராக் அட்டைக் கட்டணங்கள் நின்றன, 911 அவசர அழைப்புகள் பலருக்குப் போகவில்லை. கனடியத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்காக ஸோனா பார்ட்னர்ஸ் நிறுவனம் செய்த ஆய்வின் சுருக்கம் 2024இல் வெளிவந்தது. ஏழு கட்ட மேம்படுத்தலில் ஆறாவது கட்டத்தில், ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டு, வழித்தகவல் வெள்ளம் மையக் கருவிகளை மூழ்கடித்தது. மாற்றுக் கருவிகளும் இருந்தன. ஒரே வெள்ளத்தில் அவையும் சேர்ந்தே மூழ்கின.

அந்த அறிக்கையில் இரண்டு செய்திகள் நம் வழக்குக்கு நேரடிச் சாட்சியங்கள். முதலாவது, இந்த மேம்படுத்தல் தொடக்கத்தில் ‘அதிக ஆபத்து’ என்று மதிப்பிடப்பட்டிருந்தது; முந்திய கட்டங்கள் நன்றாக நடந்ததால் ஆறாவது ‘குறைந்த ஆபத்து’ ஆக்கப்பட்டு, அதற்குரிய சோதனையும் மேற்பார்வையும் தளர்ந்தன. கார்டு மாற்றத்தில் தினமும் நடப்பதும் இதுவே. ஐந்து முறை பகலில் இழுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை, ஆறாவதையும் பகலிலேயே இழுப்போம். ஐந்து நல்ல முடிவுகள் ஆறாவது கார்டின் ஊசியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இரண்டாவது, பழுதுபார்க்க நுழைய வேண்டிய நிர்வாகப் பாதையும் விழுந்த வலையமைப்பின் மேலேயே கட்டப்பட்டிருந்தது; என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கவே ஏறத்தாழ 14 மணிநேரம் சென்றது. விட்பியில் ஓர் அறையில் சேசிஸின் சூப்பர்வைசரைக் கழற்றுகிறவர், அதே சேசிஸ் வழியாக மடிக்கணினியை இணைத்துக்கொண்டு கட்டளை போட்டால், அவர் செய்வது இதே தவறின் சிறு வடிவம். கன்சோல் கேபிளும் வேறு வழியில் வரும் இணையமும் கையில் இல்லாமல் அந்த அறைக்குள் போகக் கூடாது.

இனிக் காசு. சேசிஸுக்காகச் சொல்லப்படும் வலுவான வாதம், கூட்டை வைத்துக்கொண்டு மூளையை மட்டும் மாற்றி ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம் என்பது. ஓரளவு உண்மை. ஆனால் 2011இல் வந்த சூப்பர்வைசர் 2டி, 6500இன் ‘ஈ’ வரிசைக் கூடுகளில்தான் ஏறியது. 1999இன் கூட்டை வைத்திருந்தவருக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. இன்னொரு பக்கம், 2003இல் சிஸ்கோவின் 3750 வந்தபோதே, தனித்தனிச் சுவிட்சுகளைப் பின்னால் கேபிளால் கோத்து ஒரே பெட்டிபோல் நடத்த முடிந்தது. ஒன்றை எடுத்துவிட்டு அதே ரகத்தில் இன்னொன்றை வைத்தால் அமைப்புவிவரங்கள் தானாக வந்துசேரும். அங்கேயும் ஒருமுறைக்கு 48 பேர்தான் விழுகிறார்கள், இங்கேயும் 48 பேர்தான். வளைவதற்கு ஊசி மட்டும் இல்லை.

கட்டடத்தின் மையத்துக்கு இதைவிட நல்ல விடையை நோர்டெல் கொடுத்தது. அதன் பாஸ்போர்ட் 8600 பெட்டிகள் இரண்டைச் சேர்த்து, கீழே உள்ள சுவிட்சுகளுக்கு ஒரே பெட்டிபோலக் காட்டும் முறை அது. ஒவ்வொரு மாடிச் சுவிட்சும் இரண்டு பெட்டிகளோடும் இணைந்திருக்கும், இரண்டும் வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு பெட்டியில் கார்டை மாற்ற வேண்டுமா? பெட்டியையே அணைத்துவிட்டு மாற்றலாம். சிஸ்கோ முதலியோர் பின்னர் தத்தம் பெயர்களில் இதையே செய்தார்கள். நோர்டெல் 2009 தை மாதம் திவாலாகிப் போனது. யோசனை மட்டும் இன்று எல்லார் பெட்டியிலும் இருக்கிறது.

ஆகவே, தீர்ப்பு. மின்சாரம் பற்றிய வாக்குறுதியை முழுதாக ஏற்கிறேன். மென்பொருள் பற்றியது நிபந்தனையோடு: பதிப்பு, மின்கணக்கு, முன்னறிவிப்புக் கட்டளை மூன்றும் சரியாக இருந்தால் மட்டும். கை பற்றியதை நிராகரிக்கிறேன். முற்றாகச் செத்த கார்டைப் பகலிலேயே மாற்றலாம். அதில் இருப்பவர்கள் இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லை, அண்டைக் கேபிள்களை மட்டும் பார்க்க வேண்டும். நோயுற்றபடி ஓடிக்கொண்டிருக்கும் கார்டை, மாற்றுக் கார்டு கையில் வரும்வரை தொடக் கூடாது. வந்தாலும் இரவுக்குத் தள்ள வேண்டும். சூப்பர்வைசரைப் பகலில் தொடுவதை என்னால் எந்த நிலையிலும் ஆதரிக்க முடியவில்லை. வாங்குவது பற்றிக் கேட்டால், விட்பி அளவிலான கட்டடங்களின் மையத்தில் ஒரு பெரிய சேசிஸைவிட இரண்டு சிறிய பெட்டிகள் மேல். ஒரே அறையில் முந்நூறு, நானூறு கேபிள்கள் வந்து இறங்கும் மாடிகளுக்கு மட்டும் சேசிஸ் தன் விலைக்கு ஈடு கொடுக்கிறது.

மருத்துவமனை இந்தத் தீர்ப்பை எதிர்க்கும், நியாயமாக. அங்கே இரவு என்று ஒன்று இல்லை. அதிகாலை மூன்று மணிக்கும் தாதி மருந்துப் பட்டியலைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே ஓடும் பெட்டியில் கைவைத்துத்தான் ஆக வேண்டும், அந்த வசதிக்குக் கொடுத்த காசும் வீணில்லை. ஆனால் அங்கும் காப்பாற்றுவது கார்டின் ஊசிகளைவிட, முதல் நாளே கேபிள்களைப் பகிர்ந்த விதம்தான். நடைகூடத்தில் அடுத்தடுத்து இருக்கும் வைஃபை கருவிகளை ஒன்று விட்டு ஒன்று இரண்டு கார்டுகளில் மாறிமாறிச் செருகியிருந்தால், ஒரு கார்டைக் கழற்றும்போது மிச்சப் பாதி கூடத்தைத் தாங்கும். எல்லாவற்றையும் வரிசையாக ஒரே கார்டில் செருகியிருந்தால் கூடம் முழுவதும் இருளும். இதற்கு ஒரு டாலரும் அதிகம் செலவில்லை, கேபிள் இறங்கும் நாளில் ஒருவர் யோசித்திருந்தால் போதும்.

வாங்குகிறவர் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். பெட்டியைக் கையளிக்கும் முன், விற்றவரின் ஆளே வந்து, தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது இயங்கும் சூப்பர்வைசரையும் பிறகு ஒரு கார்டையும் தன் கையால் இழுத்துக் காட்ட வேண்டும். எத்தனை பொட்டலங்கள் தொலைந்தன, எத்தனை விநாடி சென்றது என்பதை இருதரப்பும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதற்குப் பிறகே கடைசித் தவணைப் பணம்.